உதிரி பொறுக்கக் கூடாது

அது டீத்தூள் இல்லக்கா. பூச்சி.

பயப்படாதீங்க, எல்லாம் செத்தது. ஸ்பிரிட்டுல ஊறுது. மூடி இறுக்கமாத்தான் இருக்கு, பஸ்சுல ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாத்துட்டேன். பைக்குள்ள வெச்சா இந்த வளைவுகள்ல உருண்டு உடைஞ்சிரும்னுதான் கையில வெச்சிருக்கேன். உங்களுக்கு ஒரு மாதிரியா இருந்தா துண்டைப் போட்டு மூடிக்கிறேன்.

நூத்திப் பதினேழு. பாத்தா அவ்வளவு தெரியாது, ஒண்ணொண்ணும் கடுகுல பாதிதான் இருக்கும். ஒரே வாரத்துல, ஒரே பொறியில விழுந்தது. நூறுக்கு மேலன்னு சொன்னாப் போதும்தான். ஆனா எண்ணிட்டேனே, அப்புறம் எதுக்குக் குத்துமதிப்பாச் சொல்லணும்?

காபிக்காயைத் துளைக்கிற பூச்சிக்கா. புத்தகத்துல காய்த்துளைப்பான்னு போட்டிருக்கும். எங்க பக்கம் ஓட்டைப் பூச்சி. காய்க்கு அடியில தொப்புள் மாதிரி ஒண்ணு இருக்கும்ல, அங்க ஊசி குத்துன மாதிரி ஓட்டை போட்டு உள்ள போயிரும். உள்ளயே முட்டை, உள்ளயே புழு, உள்ளயே கல்யாணம் காட்சி எல்லாம். வெளியில இருந்து பாத்தா நல்ல காய் மாதிரியே தொங்கும். கையில எடுத்தாத்தான் கனமில்லாம இருக்கிறது தெரியும்.

நீங்க மக வீட்டுக்கு வந்துட்டுப் போறீங்களா? வெள்ளரிப்பரப்புக்கா? அப்ப தவசி ஐயான்னு ஒருத்தரோட காபித் தோட்டத்தைத் தாண்டித்தான் நடந்து வந்திருப்பீங்க. ரோட்டோரமா ஒரு முள்வேலி பாதி பிரிஞ்சு கெடக்கும் பாருங்க, அதுதான். கவனிச்சுக்காம விட்ட வேலி இல்லக்கா அது. அவரேதான் முள்ளை எடுத்துப் போட்டாரு. எட்டு நாளாச்சு. ஆளுக உள்ள வரட்டும்னு தொறந்து வெச்சாரு. ஒரு ஆள் வரல. ஆடுதான் வந்துச்சு.

அந்த ஆளுகளைக் கூப்பிடத்தான் நான் கீழ போறேன்.

என் பேரு வினோதினி. தோட்டக்கலை படிச்சேன். ஒரு திட்டத்துல வேலை, ரெண்டு வருசமா. பூச்சி எண்ணுறதுதான் வேலை. ஆமாக்கா, அதுக்குச் சம்பளம் தர்றாங்க. மேல எல்லாரும் பூச்சி மேடம்னுதான் கூப்பிடுவாங்க. மேடம்ங்கிறது மரியாதைக்கா கிண்டலுக்கான்னு இன்னும் எனக்குத் தெரியல. சிவப்புக் கலர்ல ஒரு புனல், அடியில ஒரு டப்பா, நடுவுல பூச்சியை இழுக்கிற மருந்து. அது மாதிரி இருபத்திநாலு பொறி. திங்கக்கிழமை தோறும் ஒவ்வொண்ணாப் போய் டப்பாவை எறக்கி, எண்ணி, நோட்டுல எழுதி, அப்புறம் போன்ல ஏத்தணும். மழை பெஞ்சாலும் போவேன். காய்ச்சலோடயும் போயிருக்கேன். ஒரு வாரம்கூட நானா ஒரு நம்பரை இட்டுக்கட்டி எழுதுனதில்ல. அதை மட்டும் யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுவேன்.

வளைவு வருது, கம்பியைப் புடிச்சுக்குங்க.

எதுக்கு எண்ணச் சொல்றாங்கன்னா, இந்தப் பூச்சி கீழ்க்கடவுல ரொம்ப நாளா இருக்கு. அதுதான் என் ஊரு. மூவாயிரம் அடி. வெள்ளரிப்பரப்பு நாலாயிரத்தி எண்ணூறு அடி. அங்க குளிரு. குளிருல அதுக்கு முட்டை வைக்க முடியாது, வந்தாலும் பெருகாது. அதனால மேல இருக்கிறவங்களுக்கு ஒரு நெனப்பு, எங்க காபிக்கு ஓட்டை விழாதுன்னு. அந்த நெனப்பு சரியாத்தான் இருந்துச்சு. இப்ப ராத்திரிக் குளிர் கொறைஞ்சு போச்சு. எங்க கருவியிலயே பாத்தேன், மார்கழியில கம்பளி இல்லாமப் படுக்கிற மாதிரி பதினோரு நாள் இருந்துச்சு. அதோட மழையும் ஒழுங்கா இல்ல. முன்னெல்லாம் பங்குனியில ஒரு மழை பெய்யும், எல்லாச் செடியும் ஒண்ணாப் பூக்கும், ஒண்ணாக் காய்க்கும், தையில பறிச்சு முடிச்சிட்டா செடியில ஒண்ணும் இருக்காது. பூச்சி பட்டினி கெடந்து செத்துரும். இப்ப தையில ஒரு மழை, மாசியில ஒரு தூறல். அங்கங்க பூக்குது, அங்கங்க காய்க்குது. வருசம் பூரா அதுக்குச் சாப்பாடு ரெடி. அதனால பூச்சி மலையேறுது. எங்க திட்டத்தோட பேரே அதுதான், அவ்வளவு நீளமா இங்கிலீசுல இருக்கும். அர்த்தம் இதுதான். பூச்சி எவ்வளவு தூரம் ஏறியிருக்குன்னு எண்ணிச் சொல்லணும்.

இதையெல்லாம் நான் எத்தனை பேருக்குச் சொல்லிட்டேன் தெரியுமா? தோட்டம் தோட்டமாப் போய்ச் சொன்னேன். டீக்கடையில சொன்னேன். பள்ளிக்கூடத்துல படம் போட்டுச் சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சு. இப்பவும் பாருங்க, யாருன்னே தெரியாத உங்ககிட்டயும் அதையேதான் சொல்றேன்.

சரி, அந்த வேலி. அதைச் சொல்லணும்ல.

வெள்ளரிப்பரப்புல ஒரு பழக்கம் இருக்குக்கா. கடைசிப் பறிப்பு முடிஞ்ச மறுநாள் தோட்டக்காரங்க வேலியில ஒரு ஆள் நுழையுற அளவுக்கு முள்ளை எடுத்துப் போட்டுருவாங்க. யாரும் யாருக்கும் சொல்லி அனுப்ப மாட்டாங்க, அந்த இடைவெளிதான் சேதி. கீழ்க்கடவுல இருந்து பொம்பளைங்க ஏறி வருவாங்க, பன்னெண்டு பதிமூணு பேரு. செடிக்கு அடியில விழுந்து கெடக்கிறது, கிளை நடுவுல ஒண்ணு ரெண்டு விட்டுப்போனது, சருகுக்குள்ள காஞ்சு கெடக்கிறது, அதுக்கெல்லாம் உதிரின்னு பேரு. யார் பொறுக்குறாங்களோ அவங்களுக்கு. தோட்டக்காரர் ஒரு காய்கூடக் கேக்க மாட்டாரு. பத்துப் பன்னெண்டு நாள்ல மலையைச் சுத்தமாப் பெருக்குன மாதிரி ஆக்கிட்டு எறங்கிருவாங்க.

எங்க அம்மாவும் போவாங்க. பாண்டியம்மான்னு பேரு. அதுல மறைக்க ஒண்ணுமில்ல. நான் படிச்சதே அதுல வந்த பணத்துலதான், ஹாஸ்டல்ல சேந்தப்ப ஃபாரத்துலயே அம்மா தொழில் கூலின்னு எழுதுனவ நான். உதிரின்னு ஒரு கட்டம் அதுல இல்ல. இருந்திருந்தா எழுதியிருப்பேன்.

நான் வேலையில சேந்த முதல் மாசி. பொறியில அப்ப வாரத்துக்கு ரெண்டு, மூணு. ஒரு வாரம் அஞ்சு. எனக்குப் பயம் வந்துருச்சு. அதுவரைக்கும் அந்த உயரத்துல அஞ்சு யாரும் பாத்ததில்ல. எப்படி வருதுன்னு யோசிச்சேன். பறந்து அவ்வளவு தூரம் வராது. எது மூலமா வரும்? சாக்கு. காபி மூட்டைச் சாக்குல, தையல்ல, ஓரத்துல ஒளிஞ்சுக்கிட்டு வரும். அது எங்க கையேட்டுலயே இருக்கு, பதினாலாம் பக்கம். பாதிச்ச ஊருல இருந்து சாக்கு கொண்டு வரக் கூடாது, வந்தா வெந்நீர்ல முக்கி எடுக்கணும்னு. கீழ்க்கடவு பாதிச்ச ஊரு. அவங்க கொண்டு வர்றது கீழ்க்கடவுச் சாக்கு. கணக்கு நேராத்தானே வருது?

அந்த மாசியிலதான் கதிரேசன் சாரும் வெளியூர்ல இருந்து நாலு பேரும் பொறியைப் பாக்க வந்தாங்க. கதிரேசன் சார்தான் எங்க திட்டத்துக்குப் பொறுப்பு, திண்டுக்கல்ல இருக்காரு. நல்லவரு. கோவமே வராது. தவசி ஐயா தோட்டத்துல நின்னு நான் இங்கிலீசுல சொல்லிக்கிட்டிருக்கேன். மூணு நாள் மனப்பாடம் பண்ணது. நல்லாத்தான் போச்சு. அப்ப செடிக்கு அடியில இருந்து ஒரு சத்தம், "பாப்பா!"ன்னு. பாத்தா அம்மா. முட்டி போட்டு வெளிய வர்றாங்க, தலையெல்லாம் சருகு, மடியில உதிரி, கையெல்லாம் கறுப்பு. அவ்வளவு பெரிய சிரிப்பு. நான் இங்கிலீசு பேசுறதை அதுவரைக்கும் அவங்க கேட்டதில்ல.

வந்தவங்கள்ல ஒருத்தரு கேமராவை எடுத்தாரு. கதிரேசன் சார் மெதுவா, "யாரும்மா, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"ன்னு கேட்டாரு.

ஊர்க்காரங்க சார்னு சொன்னேன்.

பொய் இல்லையே? ஊர்க்காரங்கதானே. அங்க நின்னு குடும்பக் கதை பேச நேரமில்ல, அடுத்த பொறிக்குப் போகணும். அம்மா ஒண்ணும் நெனச்சுக்கல. சிரிச்சுக்கிட்டே திரும்பவும் செடிக்கு அடியில போயிட்டாங்க.

நோட்டீஸ் ஒட்டுனது அதுக்கு நாலு நாள் கழிச்சு. தேதி அடுத்தடுத்து வருது, அவ்வளவுதான். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. அஞ்சு பூச்சி விழுந்தது அந்தத் திங்கக்கிழமைதான், நோட்டு இருக்கு, காட்டுவேன்.

நானே எழுதி, திட்டத்தோட சீல் போட்டு, பஸ் நிக்கிற இடத்துல ஒண்ணு, டீக்கடையில ஒண்ணு, ஒவ்வொரு வேலி இடைவெளியிலயும் ஒண்ணு. "காபிக்காய்த் துளைப்பான் பரவுவதைத் தடுக்கும் பொருட்டு, வெளியூர் ஆட்கள் உதிரி பொறுக்கக் கூடாது." சாக்குன்னு மட்டும் போட்டிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். தவசி ஐயாவும் கேட்டாரு. "ஏம்மா, சாக்குதான் பிரச்சனைன்னா நான் நாலு சாக்கு தர்றேன், என் சாக்குல அள்ளிக்கிட்டுப் போகட்டும். இல்ல, அண்டாவுல வெந்நீர் போடச் சொல்றேன். கல்யாணத்துக்குப் போடலையா?"ன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். யாரு நின்னு பாப்பாங்க? ஒருத்தர் முக்காம விட்டாலும் மொத்தமும் வீண். கவனமா இருக்கணும்னா முழுசாக் கவனமா இருக்கணும்.

மறுநாள் காலையில கீழ்க்கடவுப் பொம்பளைங்க வந்தாங்க. வேலிகிட்ட நான் நின்னேன். நின்னுதான் ஆகணும், இல்லன்னா ஒட்டிட்டு ஓடிட்டான்னு பேரு வரும். பன்னெண்டு பேரு. யாருக்கும் சரியாப் படிக்கத் தெரியாது. அம்மா பேப்பரைத் தொட்டுப் பாத்துட்டு, "படிச்சுச் சொல்லு பாப்பா"ன்னாங்க.

படிச்சேன். முழுசா. சீல்ல இருக்கிறது வரைக்கும்.

அம்மாவுக்குக்கூட விதிவிலக்கு குடுக்கலக்கா. அதை நெனச்சு அன்னைக்கு எனக்கு ஒரு பக்கம் திருப்தியாக்கூட இருந்துச்சு. இந்த வேலையில பாரபட்சம் வந்துறக் கூடாதுல்ல.

மாயக்கான்னு ஒருத்தங்க, எங்க தெருதான், வாய் அவங்களுக்கு. "ஏன்டி, பூச்சி எங்க சேலையில ஒட்டிக்கிட்டா மலையேறுது? எங்க தலையில பேன்தான் இருக்கு, எண்ணிக்கிறியா? அதுக்கும் உனக்குச் சம்பளம் தருவாங்களா?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. இன்னொருத்தங்க, "விடு மாயி, நம்ம புள்ள பெரிய ஆபீசராயிருச்சு, நம்மளையே தெரத்துது பாரு"ன்னாங்க. பெருமையாச் சொன்ன மாதிரியும் இருந்துச்சு, அப்படி இல்லாத மாதிரியும் இருந்துச்சு.

அம்மா சாக்கை மடிச்சாங்க. நாலா மடிச்சு, அப்புறம் எட்டா மடிச்சு, அக்குள்ள வெச்சுக்கிட்டு, "சரி வாங்க, வெயிலுக்கு முன்னாடி எறங்குவோம்"ன்னாங்க. அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன். பதில் எல்லாம் தயாரா வெச்சிருந்தேன்.

அந்த மாசமே அம்மா கீழ ஒரு பஞ்சு மில்லுக்குப் போக ஆரம்பிச்சாங்க. வேன் வந்து கூட்டிட்டுப் போகும். நிரந்தர வேலை, நிழல்ல வேலை. ஒரு வகையில நல்லதுதான்னு நெனச்சேன். இருமல் மட்டும் கொஞ்சம் வருது.

டிக்கெட் எடுத்துட்டீங்களா? அவரு திரும்ப வர்றாரு பாருங்க. நான் எடுத்துட்டேன். கீழ்க்கடவுக்கு இன்னும் நாலு வளைவு.

அடுத்த வருசம். அதாவது இந்த வருசம். ஆடியில பொறிக்குப் பன்னெண்டு. ஐப்பசியில நாப்பது. கார்த்திகையில தொண்ணூத்தி மூணு. எண்ணி எண்ணி ராத்திரி கண்ணை மூடுனாலும் கறுப்புப் புள்ளியாத் தெரியும். பறிப்பு ஆரம்பிச்சா, தவசி ஐயா கூடையில பாதிக் காய் மெதக்குது. தண்ணியில போட்டா நல்ல காய் முங்கும், ஓட்டைக் காய் மெதக்கும். அவரு தொட்டியைப் பாத்துக்கிட்டே நின்னாரு. ரெண்டரை ஏக்கரு அவருக்கு. வேற ஒண்ணும் கெடையாது. "அய்யய்யோ"ன்னெல்லாம் சொல்ற ஆள் இல்ல. "நெறைய மெதக்குதேம்மா"ன்னாரு. அவ்வளவுதான்.

நான் சாக்கைச் சந்தேகப்பட்டேன். யாராவது திருட்டுத்தனமா வந்திருப்பாங்களோன்னு விசாரிச்சேன். யாரும் வரல. ஒரு சாக்குகூட ஏறல. என் தடை அவ்வளவு சுத்தமா நடந்திருக்கு.

அப்பத்தான் தவசி ஐயா ஒண்ணு கேட்டாரு. செடிக்கு அடியில குந்தி உக்காந்து, சருகைக் கையால வெலக்கிட்டு, "ஏம்மா, இத்தனை வருசமா இதெல்லாம் எங்க போச்சு?"ன்னு.

கீழ பூராவும் காய்தான்க்கா. போன வருசத்து உதிரி. காஞ்சு கறுத்து, சருகுக்குள்ள, அப்படியே. நான் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டி எண்ணுனேன். அறுபத்திரெண்டு காய். அதுல நாப்பத்தொண்ணுல ஓட்டை. ஒண்ணைப் பிளேடால கீறிப் பாத்தேன். உள்ள இருந்து பதினெட்டு வெளிய வந்துச்சு. உயிரோட. ஒண்ணு பின்னாடி ஒண்ணா, விடிஞ்சு வேலைக்குப் போற மாதிரி.

ரெண்டரை ஏக்கருக்குப் பெருக்கிப் பாத்தேன். பாத்துட்டு அந்தப் பக்கத்தை நோட்டுல மடிச்சு வெச்சேன்.

நீங்க நெனைக்கிறது புரியுது. உதிரி பொறுக்காததாலதான்னு நெனைக்கிறீங்க. அது ஒரு காரணமா இருக்கலாம். இல்லன்னு சொல்லல. ஆனா குளிர் கொறைஞ்சதும் உண்மை, மழை மாறுனதும் உண்மை. குளிர் பழையபடி இருந்திருந்தா அந்த அறுபத்திரெண்டு காய்லயும் ஒண்ணும் பொரிஞ்சிருக்காது. ரெண்டையும் பிரிச்சு, இது இவ்வளவு அது இவ்வளவுன்னு சொல்ல என்கிட்ட நம்பர் இல்ல. நம்பர் இல்லாம ஒண்ணைச் சொல்றது சரியில்லைல்ல? கையேட்டுல பதினாறாம் பக்கத்துல, விழுந்த காயை ஒண்ணு விடாமப் பொறுக்கி எடுக்கணும்னும் போட்டிருக்கு. அதையும் படிச்சிருந்தேன். தோட்டக்காரர் செய்ய வேண்டியவைங்கிற தலைப்புல இருந்துச்சு. அது தோட்டக்காரர் வேலைன்னு விட்டுட்டேன். மேல அந்த வேலையைத் தோட்டக்காரர் யாரும் செஞ்சதே இல்லன்னு எனக்குத் தெரியும்தான். யாரு செஞ்சாங்கன்னும் தெரியும். ஆனா அதை வேலைன்னு நான் நெனச்சதில்ல.

கதிரேசன் சாருக்கு நம்பரைப் பாத்ததும் ரொம்ப சந்தோசம். சந்தோசம்னா பூச்சி வந்ததுக்கு இல்ல, நம்ம திட்டம் சொன்னது நடந்திருக்குன்னு. "வினோதினி, வெப்பத்தையும் பூச்சியையும் ஒண்ணா வரைஞ்சு பாத்தீங்களா? ரெண்டும் கைகோத்துக்கிட்டு ஏறுது. இதுக்கு மேல என்ன வேணும்?"ன்னாரு. உதிரி பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். "அது சின்ன விசயம்மா, கலந்தீங்கன்னா படிக்கிறவங்க குழம்பிருவாங்க"ன்னாரு. அறிக்கையில தடை பத்தி ஒரு கேள்வியும் இல்ல. கேக்காததை எழுதணுமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதல. எழுதுனது எல்லாம் உண்மை.

தவசி ஐயா கூலிக்கு ஆள் வெச்சுப் பாத்தாரு. ஆறு பேரு வந்தாங்க, நடுவுல மட்டும் ரெண்டு வரிசை பொறுக்கிட்டு, ஓரமெல்லாம் அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. பொறுக்குனாலும் கூலிதான், விட்டாலும் கூலிதான். உதிரி பொறுக்குறவங்களுக்கு ஒவ்வொரு காயும் அவங்க காய். சருகைத் தடவித் தடவி எடுப்பாங்க. நகம் பிஞ்சு போகும்.

அதுக்கப்புறம்தான் அவரு வேலியைத் தொறந்தாரு. எட்டு நாள் பாத்தாரு. அப்புறம் என்கிட்ட வந்து, "நான் கூப்பிட்டு வர மாட்டாங்கம்மா. பேப்பர் ஒட்டுனது நீ. நீ போய்க் கூப்பிடு. பூ மழை வர்றதுக்குள்ள கீழ கெடக்கிறதை எடுக்கலைன்னா வர்ற காயும் போச்சு. அடுத்த வருசமும் தொட்டியில மெதந்துச்சுன்னா செடியைப் பிடுங்கிருவேன், எனக்கு வேற வழியில்ல"ன்னாரு. சத்தம் போடல. மரியாதையாத்தான் சொன்னாரு. அதுதான் தாங்க முடியல.

மழை எப்ப வேணும்னாலும் வரும்க்கா. நேத்து சாயங்காலமே மேகம் கூடிருச்சு. பதினஞ்சு நாள் கெடைச்சா அதிர்ஷ்டம்.

முதல்ல மாயக்காவுக்குப் போன் போட்டேன். அம்மாவுக்குப் போடல, வேலை நேரம்னு. மாயக்கா ஒரே போடாப் போட்டாங்க. "பேப்பர் ஒட்டி நிறுத்துனவ பேப்பர் ஒட்டித்தான் கூப்பிடணும். சீல் போட்டுக் கொண்டா. ஏன் நிறுத்துனே, ஏன் கூப்பிடுறே, எல்லாம் எழுதிக் கொண்டா. அன்னைக்கு நின்னு படிச்சேல்ல, அதே மாதிரி நின்னு படி. பன்னெண்டு பேரும் கேக்குறோம். கேட்டுட்டு வர்றதா வேண்டாமான்னு சொல்றோம்"ன்னாங்க. விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு சிரிச்சேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரல.

நியாயம்தான். எழுத உக்காந்தேன். "வெள்ளரிப்பரப்புத் தோட்டங்களில் உதிரி பொறுக்கும் வழக்கம் மீண்டும் அனுமதிக்கப்படுகிறது." அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல. சாக்கு மேலயே குடுக்கப்படும், அதுவும் எழுதிட்டேன். கடைசியா, முன்பு நிறுத்தியதற்கான காரணம்னு ஒரு வரி. அங்கதான் நிக்குது. "தட்பவெப்ப மாற்றம் காரணமாக"ன்னு எழுதுனேன். படிச்சுப் பாத்தேன், மாயக்கா முன்னாடி அதை வாசிக்கிறதை நெனச்சேன், கிழிச்சிட்டேன். "சாக்குகள் மூலம் பரவும் அபாயம் கருதி"ன்னு எழுதுனேன். அது அன்னைக்குப் போட்டதுதான். ஆனா அப்ப சாக்கைத்தானே நிறுத்தியிருக்கணும், ஆளை ஏன்னு கேப்பாங்க. தவசி ஐயா கேட்டாரே. "கூடுதல் எச்சரிக்கை கருதி"ன்னு எழுதுனேன். அதையும் கிழிச்சேன். நாலு பேப்பர் போச்சு. எண்ணி எழுதுறதுக்கு எனக்கு ஒரு நாளும் கை நின்னதில்லக்கா.

இன்னைக்குக் காலையில அம்மாவே போன் பண்ணாங்க. லீவு போட்டிருக்காங்களாம். "பஸ் ஏறிட்டியா, சாப்பிட்டியா"ன்னு கேட்டாங்க. அப்புறம், "மாயி என்னமோ எழுதிட்டு வரச் சொன்னாளாமே, எழுதிட்டியா?"ன்னாங்க. காரணம்ங்கிற எடத்துல நிக்குதும்மான்னேன்.

அம்மா இருமுனாங்க. அப்புறம் சாதாரணமா, சாமான் லிஸ்ட் சொல்ற மாதிரி சொன்னாங்க. "பூச்சின்னே எழுது பாப்பா. மத்தது எனக்குத் தெரியும். அது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

மத்ததுன்னா என்னம்மான்னு கேட்டிருக்கணும். கேக்கல. "சரிம்மா"ன்னுட்டேன். என்ன மத்தது? சாக்கு இருக்கு, அஞ்சு பூச்சி இருக்கு, பதினாலாம் பக்கம் இருக்கு. உங்ககிட்ட எல்லாத்தையும் வரிசையாச் சொன்னேன்ல, அதுல விட்டுப்போனது ஏதாவது இருக்கா?

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க?

...

இல்ல, அழல. எண்ணி எண்ணி கண்ணுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, வெளிச்சம் பட்டா நீர் வருது. டாக்டர்கிட்டப் போகணும். போக நேரமில்ல.

இந்த வளைவு தாண்டினா கீழ்க்கடவு. அண்ணே, கீழ்க்கடவு எறக்கம். கொஞ்சம் மெதுவா நிறுத்துங்க, கையில பாட்டில் இருக்கு.

அதோ உக்காந்திருக்காங்க பாருங்க, பஸ் நிக்கிற எடத்துல. எல்லாரும் வந்திருக்காங்க. நான் பஸ்ஸை விட்டு எறங்குன எடத்துலயே படிக்கணும் போல. அந்த வரியை எழுதாமத்தான் கொண்டு வந்திருக்கேன். பூச்சின்னு எழுதியிருக்கலாம், அம்மாவே சொல்லிட்டாங்க, எழுதியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். பேனாவை எடுத்தேன், அதுக்கும் கை நிக்குது. காரணம் வரைக்கும் வாசிச்சிட்டு நிமிந்து அவங்க முகத்தைப் பாக்கணும். பாத்துட்டு, வாயில என்ன வருதோ அதைத்தான் சொல்லணும். எழுதி வெச்சுக்காம நான் ஒரு நாளும் நாலு பேரு முன்னாடி பேசுனதில்லக்கா.

வழி விடுங்க. எறங்கிக்கிறேன்.